பஸ் எங்கே வருகிறது? கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம்



மாதாந்திர மாத்திரைக்காக ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்லும் பெரியவர்கள், டியூஷன் முடித்து மக்ரிப் வேளையில் வீடு திரும்பும் பெண் பிள்ளைகள், வேலைக்குப் போகும் சகோதரிகள் என்று நம் குடும்பங்களில் பலருக்கும் மாநகரப் பேருந்துதான் வாகனம். ஏறிவிட்டால் கவலையில்லை. நிறுத்தத்தில் காத்திருப்பதுதான் சிரமம். பஸ் இப்போதே வருமா, அரை மணி நேரம் ஆகுமா என்று தெரியாமல் மூட்டுவலியோடு நிற்கிறார்கள். பொறுமை இழந்தால் ஆட்டோவைக் கூப்பிடுகிறார்கள்.

சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் அந்த பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் ஆட்டோவில் ஏறினால், மிச்சமாக வேண்டிய பணம் ஒரே சவாரியில் போய்விடுகிறது. இதற்குத்தான் கைபேசிச் செயலி உதவுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

மாநகரப் பேருந்துகளில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தப்பட்டுள்ளது. பஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது அடிக்கடி அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து உங்கள் நிறுத்தம் எவ்வளவு தூரம், பஸ் என்ன வேகத்தில் வருகிறது என்று கணக்கிட்டு, செயலி நேரத்தைக் காட்டுகிறது. மாநகரப் பேருந்துக்கென 'சென்னை பஸ்' செயலி 2022-இல் வந்தது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றையும் சேர்த்த 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

பயன்படுத்தும் முறை

1. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் மட்டும் பதிவிறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் வழியாக வேண்டாம்.

2. இருப்பிட அனுமதி கேட்டால், 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது போதும்.

3. நிறுத்தத்தின் பெயரையோ தடம் எண்ணையோ தேடுங்கள். பெரம்பூரிலிருந்து அண்ணா சதுக்கம் செல்பவர் 29ஏ என்று தேடலாம்.

4. திசையைக் கவனியுங்கள். சாலையின் இருபுறமும் ஒரே பெயரில் நிறுத்தம் இருக்கும். பஸ் எந்த ஊர் நோக்கிப் போகிறது என்று பார்க்காவிட்டால், எதிர்ப்பக்கத்து பஸ்ஸுக்காகக் காத்திருக்க நேரும்.

கவனிக்க வேண்டியவை

திரையில் '7 நிமிடம்' என்று வந்தால் அது ஒரு மதிப்பீடுதான். சிக்னலும் மழையும் நெரிசலும் அதை மாற்றிவிடும். ஐந்து நிமிடம் முன்கூட்டியே நிறுத்தத்தில் இருப்பது நல்லது. வரைபடத்தில் பஸ் நகர்வது தெரிந்தால் நம்பலாம். வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றால், கருவி சிக்னல் அனுப்பாமல் இருக்கலாம். அடுத்த பஸ்ஸையும் பார்த்து வையுங்கள். மருத்துவமனைக்கோ தேர்வுக்கோ போகும் நாளில் ஒரு பஸ் முன்னதாகவே கிளம்புங்கள்.

'சென்னை ஒன்' செயலியில் டிக்கெட்டும் எடுக்கலாம். ஆனால் கட்டணமில்லாப் பேருந்தில் செல்லும் சகோதரிகள் பணம் கட்டத் தேவையில்லை. நடத்துநரிடம் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் வரும் நேரத்தைப் பார்க்க வங்கி விவரம் எதுவும் வேண்டாம். அதற்காக யாராவது ஓ.டி.பி. கேட்டால் அது மோசடி.

இருட்டிய பின் பயணம் செய்யும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை வீட்டாருக்கு அனுப்பலாம். பெண்கள் உதவி எண் 181-ஐக் கைபேசியில் சேமித்து வையுங்கள்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஸ்மார்ட்போன் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் நன்னிக்கும் அத்தாவுக்கும் அதில் தேடத் தெரிவதில்லை. இந்த ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் பத்து நிமிடம் அவர்களோடு உட்காருங்கள். அவர்கள் வழக்கமாகப் போகும் தடம் எண்ணை அவர்கள் கையாலேயே இரண்டு முறை தேட வையுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு, கிளம்பும் முன் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் சூராவை நாம் தொழுகையில் ஓதுகிறோம். பெரியவர்களின் நேரமும் முழங்காலும் வெயிலில் வீணாகாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்புதான். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாத மாத்திரைக்கு அவர்கள் நிம்மதியாகப் போய் வரட்டும்.