சிப்பாடானுக்குப் போகணும், சரி, எங்கே தங்குவது?

கடல் பூங்காவுக்குப் பக்கத்தில் டைவ் ரிசார்ட் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லா இணையதளமும் ஒரே படத்தைத்தான் காட்டும். நீலத் தண்ணீர், ஒரு ஆமை, மரக்கால்மேல் நிற்கும் ஒரு குடில். அந்தப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கணும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். இடம், மலேசியாவின் சபா மாநிலத்தில் செம்போர்னா கரைக்கு அப்பால் சுலவேசிக் கடலில் இருக்கிற சிப்பாடான்.

கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் எழும்பி நிற்கும் பழைய எரிமலைக் கூம்பு ஒன்றின் தலையில் பவளம் வளர்ந்து உண்டான தீவு அது. கரையிலிருந்து சில அடி நடந்தாலே தரை முடிந்து செங்குத்தான சுவர் தொடங்கிவிடும். ஆழ்கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் அங்கே சீலா மீன்களும் பாரைகளும் பெருங்கூட்டமாகச் சுழல்கின்றன. பேராமையும் அழுங்காமையும் முட்டையிட வருகின்றன. 1989 வாக்கில் ஷாக் கூஸ்தோவின் படம் வெளிவந்த பிறகு உலகம் முழுக்க இருந்து டைவர்கள் வந்து குவிந்தார்கள்.

குவிந்ததன் விளைவு என்னன்னா, அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய அந்தச் சின்னத் தீவில் வரிசையாக ரிசார்ட்டுகள் முளைத்தன. குடிநீர், கழிவுநீர், இரவெல்லாம் எரிகிற விளக்கு, அதனால் குழம்பும் ஆமைகள். 2002-இல் சர்வதேச நீதிமன்றம் இந்தோனேசியாவின் கோரிக்கையை மறுத்து, தீவு மலேசியாவுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு, 2004 முடிவதற்குள் எல்லா ரிசார்ட்டுகளும் வெளியேற வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. ஆக, இன்று "சிப்பாடான் ரிசார்ட்" என்று யார் விளம்பரம் செய்தாலும், அது சிப்பாடானில் இல்லை.

அடுத்தது பெர்மிட். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அரசு எண்ணிக்கை வைத்திருக்கிறது. முதலில் 120, பிறகு அதைக் கூட்டினார்கள். இந்த பெர்மிட்டுகள் ரிசார்ட்டுகளுக்கும் டைவ் நிறுவனங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. அதனால் மூன்று நான்கு இரவு தங்கினால் ஒரு நாள் சிப்பாடான் என்ற மாதிரிதான் பெரும்பாலும் பேக்கேஜ் இருக்கும். அறை எப்படி இருக்கு என்று கேட்பதற்கு முன்னால், "எனக்கு எத்தனை நாள் பெர்மிட் உறுதி, எந்தத் தேதி, எழுத்தில் தருவீங்களா?" என்று கேளுங்க. "முயற்சி பண்றோம்" என்று பதில் வந்தால், இல்லை என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

தங்குவதற்கு மூன்று வழிகள். ஒன்று, செம்போர்னா ஊர்: செலவு குறைவு, ஆனால் தினமும் போகவர ஒவ்வொரு மணி நேரம் படகில் குலுங்கணும். இரண்டு, மாபுல் தீவு: சிப்பாடானுக்கு அரை மணி நேரத்துக்குள் போயிடலாம். பெர்மிட் இல்லாத நாளிலும் மாபுலைச் சுற்றியுள்ள மணலிலும் சேற்றிலும் தேடினால் சின்னஞ்சிறு உயிர்கள் நிறையக் கிடைக்கும். மூன்று, கப்பாலாய்: மணல்திட்டின் மேல் மரக்கால்களில் நிற்கும் தங்குமிடம். அழகு, அமைதி, விலை அதிகம். நாலு நாளில் மூன்று நாள் சிப்பாடானுக்கு வெளியில்தான் கழியப்போகுது என்பதால், அந்த மூன்று நாளுக்கு உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கணும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். சிப்பாடான் சுவரிலோ கீழே தரை என்பதே கண்ணுக்குத் தெரியாது. பராக்குடா பாயிண்ட்டில் நீரோட்டம் வேகமாக இழுக்கும். மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் தன்னையறியாமல் இறங்கிக்கொண்டே போவார். அதனால் முதல் நாளே சிப்பாடானுக்குக் கூட்டிப்போகிற இடத்தைவிட, ஆழம் குறைந்த இடத்தில் ஒரு சோதனை டைவ் செய்ய வைக்கிற இடமே மேல். தீவின் அடியில் ஒரு குகை இருக்கு. உள்ளே போய் வழி தெரியாமல் மூழ்கிய ஆமைகளின் எலும்புகள் அங்கே கிடக்கின்றன. மூச்சை அடக்கி நீந்துகிற ஆமைக்கே அந்த நிலை என்றால், பயிற்சி இல்லாத நமக்கு அங்கே என்ன வேலை?

விமானக் கணக்கும் முக்கியம். டைவின்போது உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் ஏறினால் அது குமிழியாகிவிடலாம். பல டைவ்கள் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கணும். கடைசி டைவ் மாலை 3 மணிக்கு முடிந்தால், மறுநாள் காலை 9 மணிக்கு முன்னால் தாவாவ் விமான நிலையத்தில் விமானம் ஏறக்கூடாது. படகில் ஆக்சிஜன் இருக்கா, அருகில் வேலை செய்கிற அழுத்த அறை எங்கே என்று கேளுங்க. தடுமாறாமல் பதில் சொல்கிற இடத்தை நம்பலாம்.

பாதுகாப்பையும் மறைக்க வேண்டியதில்லை. 2000 ஏப்ரலில் சிப்பாடானிலிருந்து 21 பேரை அபு சயாஃப் கும்பல் கடத்திச் சென்றது. 2013-இல் கிழக்கு சபாவுக்குத் தனிப் பாதுகாப்பு ஆணையம் அமைத்து, பிறகு கடலில் இரவு ஊரடங்கும் கொண்டுவந்தார்கள். கிளம்பும் முன் அப்போதைய பயண எச்சரிக்கையைப் பாருங்க. எச்சரிக்கை உள்ள பகுதிக்கு உங்கள் காப்பீடு செல்லுமா என்பதையும் படிச்சுப் பாருங்க. பல பாலிசிகளில் அதற்கென்றே ஒரு விலக்கு வரி இருக்கும்.

ரிசார்ட்டுகளை சிப்பாடானிலிருந்து அகற்றியதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்க முடியாது. அந்தச் சுமையில் ஒரு பகுதி மாபுல்மேல் ஏறியிருக்கு. அங்கே ரிசார்ட் வேலிக்கு அடுத்தே பஜாவ் லாவுட் மக்களின் குடிசைகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலிலேயே வாழ்ந்தும், அவர்களில் பலருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. 2024 ஜூனில் அருகிலுள்ள துன் சக்காரான் கடல் பூங்காத் தீவுகளில் அவர்களுடைய வீடுகளை அதிகாரிகள் இடித்தார்கள். பூங்கா என்பது யாருக்காக என்ற கேள்வி, அறைக்குப் பணம் கட்டுகிற நம்மையும் தொடத்தான் செய்யும்.

அதனால் என் கேள்விப் பட்டியலில் இன்னும் மூன்று உண்டு. கழிவுநீர் எங்கே போகுது? படகை நங்கூரம் போட்டு நிறுத்துறீங்களா, மிதவையில் கட்டுறீங்களா? உள்ளூர் ஆட்களுக்கு என்ன வேலை தர்றீங்க, சமையலும் துப்புரவும் மட்டுமா, வழிகாட்டியாகவும் பயிற்சி உண்டா? 'கிரீன் ஃபின்ஸ்' என்ற ஐ.நா. ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்த இடங்களை அவ்வப்போது நேரில் வந்து மதிப்பிடுகிறார்கள். அதில் இருக்காங்களா என்று பார்ப்பது ஒரு சுலபமான தொடக்கம்.

என்னைக் கேட்டால் மாபுலில் நாலு இரவு, பெர்மிட் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில், ஒரு வழிகாட்டிக்கு நாலு பேருக்கு மேல் சேர்க்காத இடம். பதிவு செய்யும் முன் இந்தக் கேள்விகளை மூன்று ரிசார்ட்டுகளுக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்பிப் பாருங்க. வருகிற பதில்களிலேயே பாதி தேர்வு முடிஞ்சிடும்.