செல்லமும் சோறும் – 14: பரங்கிக்காய் ஆகும், குழம்பு ஆகாது

பரங்கிக்காய் நாய்க்கு ஆகுமா என்றால், தாராளமாக ஆகும். ஆனால் நம் வீடுகளில் அது நாயின் தட்டுக்குப் போவது பெரும்பாலும் குழம்புச் சட்டியிலிருந்துதான். மதியம் மிஞ்சிய சோற்றில் பரங்கிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து வாசலில் வைக்கிறோம். நாயும் தட்டை வழித்து நக்கிவிடுகிறது. எனக்குக் கவலையெல்லாம் அந்தக் குழம்பைப் பற்றித்தான்.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டு வெறும் குழம்பை ஊற்றியும் பயனில்லை. சாறு ஏற்கெனவே இறங்கியிருக்கும். பாதிப்பு அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து படுக்கும்போதுதான் தெரியவரும்.

புளி விஷயம் இன்னும் பலருக்கு எட்டவில்லை. திராட்சை, உலர்திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. 2021இல் அமெரிக்காவின் விலங்கு நச்சு மருத்துவர்கள் சிலர், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். மறு ஆண்டு வெளியான அறிக்கையில், புளி தின்ற நாய்களுக்கும் அதேபோலச் சிறுநீரகம் பழுதானதைச் சொன்னார்கள். புளியில் புளிப்பாக இருப்பதே பெரும்பாலும் அந்த அமிலம்தான். குழம்புச் சோறு தின்றே எத்தனையோ தெருநாய்கள் வாழ்கின்றனவே என்று கேட்கலாம். வாழ்கின்றன. ஆனால் எவ்வளவு தின்றால் எந்த நாய்க்கு ஆபத்து என்று கணக்கு கிடையாது. திராட்சை தின்றதிலும் ஒரு நாய் தப்பும், இன்னொன்று மாட்டிக்கொள்ளும். இவ்வளவு தெரிந்த பிறகு, ஊற்ற எனக்குக் கை வரவில்லை.

அதனால் குழம்புக்குக் காய் நறுக்கும்போதே நாயின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். சந்தையில் பத்தையாக வாங்கியது என்றால் வெட்டிய பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கொழகொழத்தோ பூஞ்சை பூத்தோ இருந்தால் வேண்டாம். தோல், காம்பு, விதையோடு ஒட்டிக்கிடக்கும் நார் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் இட்லிப் பானையில் வேகவிடுங்கள். உப்புகூட வேண்டாம். கரண்டியின் பின்புறத்தால் லேசாக அழுத்தினாலே மசிய வேண்டும். ஒரு துணுக்கை நீங்களே வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பூசணி இனத்துக் காய்களில் எப்போதாவது ஏறும் அந்தக் கசப்பு நமக்கும் கெடுதல், நாய்க்கும் கெடுதல். ஆறியதும் சோற்றோடு பிசைந்து வைக்கலாம்.

பொமரேனியன் மாதிரிச் சிறிய நாய்க்கு ஒரு தேக்கரண்டி போதும். ராஜபாளையம், லேப்ரடார் என்றால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. முதல் தடவை அதில் பாதி. பரங்கியிலுள்ள நார்ச்சத்து தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இளகிப் போகும் மலத்தைக் கெட்டியாக்குவதும், இறுகியதை இளக்குவதும் ஒரே காயால் முடிகிறது. அளவு மீறினால் அதே நார் வயிற்றைக் கலக்கிவிடும். 100 கிராமில் சுமார் 26 கலோரிதான் என்பதால், உடம்பு போட்டுவிட்ட நாய்க்கு பிஸ்கட்டுக்குப் பதில் இதைக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். பரங்கி அல்வா எந்த நாய்க்கும் வேண்டாம்: நெய், சர்க்கரை, மேலே தூவிய உலர்திராட்சை. விதையைக் கொடுத்தால் குடற்புழு போய்விடும் என்று நம்பி, புழு மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் பரங்கிக்காயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பார்வோ வைரஸாக இருக்கலாம். வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தக் கழிச்சல் என்று தொடங்கி, உடம்பில் நீர் வற்றி, இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். மசித்த காயும் மோருமாக அந்த நாள்களைக் கடத்திவிட்டு, கண் செருகிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் அநேகம். முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் சலைன் ஏற்றிப் பிழைக்கவைக்க வாய்ப்பு உண்டு. வளர்ந்த நாய்க்கும் ரத்தம் கலந்து போனாலோ, வாந்தி சேர்ந்தாலோ, ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலோ இதேதான். போகும்போது தடுப்பூசி அட்டையையும், கடைசியாக என்ன தின்றது என்ற விவரத்தையும் எடுத்துப் போங்கள். குழம்புச் சோறு போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

(தொடரும்)