களைப்புக்குக் காரணம் யோசனை மட்டும்தானா?

நாம் நாளாந்தம் உண்ணும் சோறு, புட்டு, இடியப்பம், பாண் ஆகியவை வேலை செய்வதற்கான சக்தியைத் தருகின்றன. மீன், முட்டை, பருப்பு, பயறு போன்றவற்றில் உள்ள புரதம் உடலை வளர்க்கிறது, தேய்ந்ததைத் திருத்துகிறது. இவை எமக்கு ஓரளவு தெரிந்த விடயங்கள். ஆனால் மிகச் சிறிய அளவில் மட்டுமே எமக்குத் தேவைப்படும் சத்துகளும் உண்டு. அவைதான் விற்றமின்களும் கனியுப்புகளும். இவற்றின் தேவை பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கிலும், அதிலும் சிறிய மைக்கிரோகிராம் கணக்கிலும் சொல்லப்படுகிறது. அளவு சிறிதுதான். ஆனால் இவை குறைந்தால் எவ்வளவு சோறு சாப்பிட்டாலும் உடம்பு சரிவர இயங்காது.

மாதர் சங்கக் கூட்டங்களில் போசாக்குப் பற்றிப் பேசுவதற்காக நான் வன்னிக் கிராமங்களுக்குப் போய்வருகிறேன். போகும் இடமெல்லாம், "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்பேன். பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "ஒரே களைப்பு அக்கா. குனிஞ்சு நிமிர்ந்தாத் தலை சுத்துது. எல்லாம் யோசனைதான்." கணவரை இழந்தவர், காணாமற்போன மகனைத் தேடிக்கொண்டிருப்பவர், கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என எல்லோருக்கும் யோசனை உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எல்லாக் களைப்புக்கும் யோசனையே காரணம் என்று இருந்துவிட்டால், மாற்றக்கூடிய ஒரு நோயைக் கவனியாமல் விட்டுவிடுவோம். அந்த நோய் குருதிச்சோகை. அதற்கு மிகப் பொதுவான காரணம் இரும்புச்சத்துக் குறைவு.

பெரிபெரி தந்த பாடம்

வயிறு நிறைந்தாலும் சத்துக் குறையலாம் என்பதை உலகம் அறிந்துகொண்டது ஒரு கோழிக்கூட்டிலிருந்துதான். 1890களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய ஒல்லாந்த வைத்தியர் கிறிஸ்ரியான் ஐக்மான், நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் வலுவிழந்து விழுவதைக் கவனித்தார். தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தபோது அவை எழுந்து நடந்தன. மனிதரில் இந்த நோய்க்குப் பெயர் பெரிபெரி. "முடியாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லான "பெரி"யிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கூறுவர். தவிட்டில் இருந்தது பி1 விற்றமின். 1912ஆம் ஆண்டு கசிமிர் ஃபங்க் என்ற ஆய்வாளர் இத்தகைய சத்துகளுக்கு "விற்றமின்" என்ற பெயரை இட்டார். ஐக்மானுக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இன்று 13 விற்றமின்கள் அறியப்பட்டுள்ளன.

இடம்பெயர்ந்த காலத்தில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று நிவாரணம் பெற்று வாழ்ந்த எமக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பசி அடங்கியது. ஆனால் மரக்கறி, பழம், மீன் இல்லாத அந்த உணவில் இத்தகைய சத்துகள் போதிய அளவில் இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போதும் பல வீடுகளில் முதலில் நின்றுபோனவை மீனும் முட்டையும் பழமும்தான்.

பெண்களுக்கு ஏன் கூடுதலாகத் தேவை?

குருதியில் உள்ள ஈமோகுளோபின் என்ற பொருளே மூச்சுக்காற்றில் உள்ள ஒட்சிசனை உடலெங்கும் கொண்டுசெல்கிறது. அதை உருவாக்க இரும்பு வேண்டும். மாதவிடாயின்போதும் பிரசவத்தின்போதும் பெண்கள் குருதியை இழக்கிறோம். ஆகவே மாதவிடாய் உள்ள வயதில் ஒரு பெண்ணுக்கு ஆணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இரும்பு தேவை. வெறுங்காலுடன் தோட்டவேலை செய்யும்போது தொற்றக்கூடிய கொக்கிப்புழுவும் குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும்.

களைப்பு, தலைச்சுற்று, சிறு வேலைக்கும் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, கண்ணின் கீழ் இமையின் உட்புறமும் நகமும் வெளிறுதல் ஆகியன குருதிச்சோகையின் அறிகுறிகள். பச்சையரிசி மெல்ல வேண்டும், மண் தின்ன வேண்டும் என்ற ஆசை வருவதும் உண்டு. இதைக் கெட்ட பழக்கம் என்று ஏசாதீர்கள். அது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலையில் குருதியைப் பரிசோதியுங்கள். ஈமோகுளோபின் அளவு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. கர்ப்பிணிக்கு இந்த எல்லை 11 கிராம். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. ஆகவே காரணத்தை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவது நல்லதல்ல.

எமது கூட்டத்துக்கு வரும் ஒரு சகோதரி கூலிக்கு வெங்காயம் நடப் போகிறவர். கணவர் காணாமற் போனவர். வேலைத்தலத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்தும், "யோசனைதான்" என்றே சொல்லிவந்தார். குருதிப் பரிசோதனையில் 7.8 கிராம் என்று வந்தது. வைத்தியர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காக எடுத்து, உணவையும் திருத்திக்கொண்டார். மூன்று மாதங்களின் பின் 11.4 கிராமாக உயர்ந்தது. "அவற்றை யோசனை அப்பிடியேதான் கிடக்கு அக்கா. ஆனா ரெண்டு வாளி தண்ணியோட நடக்க இப்ப மூச்சு வாங்கிறேல்லை" என்றார். துக்கத்தை மாத்திரை மாற்றாது. ஆனால் துக்கத்தையும் குடும்பத்தையும் ஒருசேரச் சுமக்கிற உடம்புக்கு வலு வேண்டுமல்லவா?

இரும்பு எங்கே இருக்கிறது? எங்கே வீணாகிறது?

ஈரல், இறைச்சி, மீன், கருவாடு ஆகியவற்றில் உள்ள இரும்பை உடல் இலகுவில் உறிஞ்சும். கீரை, பயறு, கௌபி, கடலை, பருப்பு ஆகியவற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் அதில் சிறு பங்கையே உடல் எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கைக் கூட்டவும் குறைக்கவும் எம்மால் முடியும்.

கூட்டுவது விற்றமின் சி. கீரை வறையில் இறக்கிய பின் பிழியும் தேசிப்புளி, சாப்பாட்டோடு தின்னும் ஒரு கொய்யாப்பழம், ஒரு நெல்லிக்காய், ஒரு துண்டு பப்பாசிப்பழம் போதும். கடையில் விலை கூடிய தோடம்பழத்தைவிடக் கொய்யாப்பழத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு விற்றமின் சி உண்டு. சிறிதளவு மீனோ நெத்தலிக் கருவாடோ சேர்த்தாலும் மரக்கறியிலுள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்படும்.

குறைப்பது தேநீரும் கோப்பியும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது எமது பழக்கம். தேயிலைச் சாயம் மரக்கறியிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலுக்குச் சேரும் அளவு பாதிக்கு மேல் குறைந்துவிடும். தேநீரை விட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடியுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வேலியிலும் வளவிலும் உள்ள மருந்து

முருங்கை, அகத்தி, வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை என்பன எமது மண்ணில் தாமாக வளர்பவை. இவற்றில் விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டின், போலிக் அமிலம், கல்சியம் ஆகியன உள்ளன. விற்றமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். பிள்ளைகளுக்கு நோய்த்தொற்று அதிகரிக்கும். பப்பாசி, மாம்பழம், பூசணி, கரட் என்பனவும் இதைத் தரும். கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தே உறிஞ்சப்படுவதால் கீரையில் தேங்காய்ப்பூவோ நல்லெண்ணெயோ சேர்ப்பது நன்று. எமது அம்மம்மாமார் வறைக்குத் தேங்காய்ப்பூப் போட்டது வீண் செலவல்ல.

கீரையை முதலில் கழுவி, பின்பு வெட்டுங்கள். வெட்டியபின் கழுவினால் விற்றமின் சியும் பி வகை விற்றமின்களும் தண்ணீரோடு போய்விடும். குறைந்த தண்ணீரில், மூடி, குறைந்த நேரம் அவியுங்கள். அவித்த தண்ணீரை ஊற்றாமல் சொதிக்கோ பருப்புக்கோ சேருங்கள். பயறையும் கௌபியையும் இரவில் ஊறவைத்து முளைகட்டினால் இரும்பு உறிஞ்சப்படுவது கூடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கீரைக்காகவோ விறகுக்காகவோ கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிகளுக்குள் போகாதீர்கள். முற்றத்தில் ஒரு முருங்கைத் தடியை நட்டுவைத்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

எலும்புக்கும் கழுத்துக்கும் காயத்துக்கும்

கல்சியம் என்றதும் பால்மாப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. 100 கிராம் குரக்கனில் சுமார் 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு வெள்ளையரிசியில் 10 மில்லிகிராம் அளவே இருக்கும். முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியும் சூடையும் கல்சியம் தருபவை. அது எலும்பில் சேர விற்றமின் டி வேண்டும். அதை எமது தோலே வெயிலில் உண்டாக்கிக்கொள்கிறது.

அயடீன் குறைந்தால் கழுத்தில் கண்டமாலை வரும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். இதனாலேயே இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் மனித நுகர்வுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. அயடீன் கலந்த உப்பையே வாங்கி, மூடிய பாத்திரத்தில் ஈரம் படாமல் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

காயங்களும் சத்திரசிகிச்சைத் தழும்புகளும் ஆறுவதற்குப் புரதம், விற்றமின் சி, சிங்க் எனப்படும் நாகச்சத்து ஆகியன தேவை. பழைய செல் காயம் அடிக்கடி புண்ணாகிறவர்கள் மருந்தோடு உணவையும் கவனிக்க வேண்டும். மரக்கறி மட்டும் உண்பவர்கள் தயிர், பால் போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பி12 விற்றமின் மரக்கறியில் கிடையாது.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு இரும்பு, போலிக் அமிலம், கல்சியம், விற்றமின் சி மாத்திரைகள் இலவசமாகத் தரப்படுகின்றன. இரும்பு மாத்திரையையும் கல்சிய மாத்திரையையும் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. ஒன்று மற்றதைத் தடுக்கும். தேநீரோடும் பாலோடும் இரும்பு மாத்திரையை விழுங்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்தவும் வேண்டாம், அது இயல்பானது. வயிற்றுப் புரட்டல் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

போலிக் அமிலம் கருத்தரிக்க முன்னரே தொடங்கப்பட வேண்டும். குழந்தையின் முள்ளந்தண்டு கருவின் முதல் வாரங்களிலேயே உருவாகிவிடுகிறது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலில் உள்ள இரும்பு மட்டும் போதாது. மசித்த சோறு, பருப்பு, கீரை, மீன், ஈரல் என்பவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷாத் திட்டம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் உரியது. பொதி வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் உருண்டை பிடித்துத் தின்றால் உரியவருக்கு அரைவாசியும் சேராது.

உங்கள் கோப்பை எங்கே?

இத்தனையும் சொன்ன பிறகு கூட்டங்களில் நான் கேட்கும் கடைசிக் கேள்வி இது: "நேற்றிரவு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" பலர் சிரிப்பார்கள். "பிள்ளையளுக்குப் போட்டிட்டு, சட்டியில கிடந்ததை வழிச்சுச் சாப்பிட்டன்." மீன் துண்டு பிள்ளைகளுக்கும் மாமாவுக்கும் போய்விடும், அம்மாவுக்குக் குழம்பு. இதைத் தியாகம் என்று எமக்குச் சொல்லித்தந்துள்ளார்கள். ஆனால் ஒருவரின் உழைப்பில் நிற்கும் குடும்பத்தில் அந்த ஒருவர் விழுந்துவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

ஆகவே பரிமாறத் தொடங்கும்போதே உங்கள் கோப்பையையும் வரிசையில் வையுங்கள். இருக்கும் மீனையும் கீரையையும் அதிலும் பங்கிடுங்கள். வளர்ந்த பெண்பிள்ளைகளின் கோப்பையையும் அப்படியே கவனியுங்கள். அவர்களுக்கும் மாதாமாதம் இரும்பு இழப்பு உண்டு.

வருமானம் குறைந்த வீட்டிலும் செய்யக்கூடிய ஒரு நாள் உணவு இது. காலையில் முருங்கையிலை கலந்த குரக்கன் புட்டும் ஒரு வாழைப்பழமும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, சூடைமீன் குழம்பு, தேசிப்புளி விட்ட கீரை வறை. பின்னேரம் அவித்த கௌபி, ஒரு கொய்யாப்பழம். இரவில் இடியப்பமும் சொதியும், கோழி முட்டையிட்ட நாளில் முட்டையும். தேநீர் இடைநேரத்தில் மட்டும்.

அடுத்த கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம், "எனக்கும் ஒருக்கால் குருதி பார்க்க வேணும்" என்று கேளுங்கள். பிள்ளையின் நிறையைப் பார்க்கப் போகும் அன்றே அதையும் கேட்டுவிடலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் பலகாலமாக, "யோசனைதான்" என்று சொல்லிக்கொண்டிருப்பவராக இருக்கலாம்.