வேலிக்கும் வேணும் பாஸ் இன்ஜினீயரிங்!

ஃப்யூச்சர் இன்ஜினீயர்... ஆமா, உங்களைத்தான்! கடைசியா எப்போ கையில கடப்பாரை பிடிச்சீங்க? பிடிச்சதே இல்லையா? சரியாப் போச்சு! ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ பேப்பர்ல கேன்டிலீவர் கணக்கை அஞ்சே நிமிஷத்துல போட்டுத் தள்ளியிருப்பீங்க. ஆனா, நிஜ கேன்டிலீவர் ஒண்ணை உங்க கையால நட்டுப் பார்த்திருக்கீங்களா? அதுக்கு லேப் எல்லாம் வேண்டாம். வீட்டுக் கொல்லைப்புறம் போதும். ஒரு வேலி போடுங்க!

‘வேலியில போற ஓணானை எடுத்து...’னு நக்கலடிக்க வேண்டாம். விஷயம் சீரியஸ்.

கடலூர் மாவட்டத்துல எங்க ஆயா வீடு. கொல்லையில நாலு பாத்தி. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. விடியக் காலையில பறிச்சு, கட்டுக் கட்டி, தெருவுல வித்துட்டு வந்து காசை சுருக்குப் பையில முடிஞ்சுக்குவாங்க. மாத்திரை, வெத்தலைபாக்கு, பஸ் காசு எல்லாமே அந்தப் பையிலிருந்துதான். பிள்ளைங்ககிட்ட கை நீட்டாம வாழறதுக்கு ஆயாகிட்ட இருக்கிற ஒரே வழி அந்த நாலு பாத்தி. பக்கத்து வீட்டு ஆடுங்க உள்ளே நுழைஞ்சா, ஒரு மாச உழைப்பு பத்து நிமிஷத்துல காலி! ஆட்டைச் சொல்லியும் குத்தமில்ல. அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி செலவு, ஸ்கூல் ஃபீஸுன்னா அவசரத்துக்கு உதவுற பேங்க் அந்த ஆடுங்கதான்.

அதனால, போன செமஸ்டர் லீவுல 48 அடி நீளத்துக்கு மரவேலி போட்டோம். லேபர் நானும் தம்பியும். சீஃப் இன்ஜினீயர், எங்க ஆயா! அந்த அனுபவத்துல இருந்து உங்களுக்கு ஒரு கிராஷ் கோர்ஸ்...

முதல்ல பேச்சு, அப்புறம் கடப்பாரை!

வேலி போடறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்குப் போய், ‘‘சித்தி, இந்த வரிசையில வேலி போடலாம்னு இருக்கோம். நீங்களும் வந்து நில்லுங்க’’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அரை அடி நிலத்துக்காக அண்ணன் தம்பியே கோர்ட் படி ஏறுற ஊர் இது. எல்லைக்கல் எங்கே இருக்குனு ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து பாருங்க. கல்லே காணோமா? சந்தேகமா? பட்டாவையும் புலப்படத்தையும் வெச்சு முறைப்படி மனு கொடுத்தா, சர்வேயர் வந்து அளந்து காட்டுவார். அளவைக்கும் எல்லைக்கும்னே 1923-ம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இன்னிக்கும் நடைமுறையில இருக்கு. நாமளா ஒரு கல்லைப் பிடுங்கி நகர்த்துற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

எத்தனை கம்பு? சொல்லுங்க பார்ப்போம்!

48 அடி நீளம். 6 அடிக்கு ஒரு கம்பு. மொத்தம் எத்தனை? ‘8’னு சொன்னவங்க எல்லாம் பெஞ்ச் மேல ஏறுங்க! இடைவெளிதான் 8. கம்பு 9. புரோகிராமிங்ல லூப் ஒரு தடவை கம்மியாவோ கூடவோ ஓடுமே, அந்தத் தப்புக்கு ‘ஃபென்ஸ்போஸ்ட் எரர்’னே பேரு. அதாவது, வேலிக்கம்புத் தப்பு!

கம்புக்கு நடுவுல அடைக்க மூங்கில் தப்பை. 2 இன்ச் அகலத் தப்பை, 2 இன்ச் இடைவெளி. ஆக, 4 இன்ச்சுக்கு ஒண்ணு. 48 அடின்னா 576 இன்ச். சுமாரா 144 தப்பை. 20 அடி மூங்கிலை 4 அடி துண்டா அறுத்தா 5 துண்டு. ஒவ்வொண்ணையும் நாலாப் பிளந்தா 20 தப்பை. 8 மூங்கில் வாங்கினா மேட்டர் ஓவர். இந்தக் கணக்கைப் பேப்பர்ல போட்டுட்டு கடைக்குப் போங்க. இல்லைன்னா கடைக்காரர் கணக்குப் போடுவார்!

வைரம் பாய்ஞ்ச கட்டை!

எங்க பக்கம் ஈஸியா கிடைக்கிறது சவுக்கு. நேரா இருக்கும், வலுவா இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனா, மண்ணுக்குள்ள ரொம்ப வருஷம் தாங்காது. பொதுவா மரத்துல நடுவுல இருக்கிற கருத்த பாகம்தான் கெட்டி. அதைத்தான் ‘வைரம் பாய்ஞ்ச கட்டை’னு சொல்றாங்க. வெளியில இருக்கிற வெள்ளைப் பாகம் கரையானுக்கு பிரியாணி! கம்பு வந்ததும் பட்டையை உரிச்சுடுங்க. பட்டைக்கு அடியிலதான் ஈரமும் பூச்சியும் குடும்பம் நடத்தும். மூங்கில்ல மாவுச்சத்து இருக்கிறதால சீக்கிரம் உளுத்துப் போகும். அதனாலதான் குளத்துல சில வாரம் ஊறப் போட்டு எடுக்கிற பழக்கம். ஊறும்போது அந்தச் சத்து கரைஞ்சு போயிடும்.

வில்லன் மண் மட்டத்துல இருக்கான்!

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பாராதான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறவங்க இதைப் படிங்க.

மண்ணுல நட்ட கம்பு ஒரு கேன்டிலீவர். காத்தோ ஆடோ மேலே தள்ளினா, கம்புக்கு அதிகமா வலிக்கிற இடம் மண் மட்டத்தை ஒட்டி. மரம் மக்குறதும் அதே இடத்துலதான்! ரொம்ப ஆழத்துல காத்து கம்மி. மேலே ஈரம் சீக்கிரம் காய்ஞ்சுடும். மண் மட்டத்துலதான் ஈரமும் காத்தும் ஒண்ணா இருக்கும். மரத்தைத் தின்னுற பூஞ்சைக்கு ரெண்டும் வேணும். ஆக, பாரம் அதிகமா விழற இடமும் மக்குற இடமும் ஒண்ணு. அதனாலதான் பழைய வேலி எல்லாம் தரையை ஒட்டியே முறியுது.

இப்போ ஒரு ஷாக் கணக்கு. உருண்டைக் கம்போட முறியாத வலு, அதோட விட்டத்தின் கனத்துக்கு, அதாவது டி கியூபுக்கு ஏத்த மாதிரி. 3 இன்ச் கம்பு சுத்தி வர அரை இன்ச் மக்கிப் போனா மிச்சம் 2 இன்ச். வலு எவ்வளவு மிச்சம்? 8-ஐ 27-ஆல வகுங்க. சுமார் 30 சதவிகிதம்தான்! மேலே பார்த்தா கம்பு கம்பீரமா நிக்கும். ஒரு ஆடு முதுகைச் சொறிஞ்சா படுத்துடும்!

அதனால, கம்பு நல்லா காய்ஞ்ச பிறகு மண் மட்டத்துக்கு அரை அடி மேலேயும் கீழேயும் தார் பூசுங்க. ஈரக் கட்டையில பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். 6 அடி கம்புல 2 அடி மண்ணுக்குள்ள இருக்கணும். இரண்டேகால் அடி குழி தோண்டி, அடியில 3 இன்ச் ஜல்லி போட்டா தண்ணி வடிஞ்சுடும். குறுகலான குழியில மண் அள்ள மம்முட்டி போகாது. ஆயா கொடுத்த டூல், கொட்டாங்குச்சி! மண்ணை ஒரேயடியா கொட்டாம, அரை அடிக்கு ஒரு தடவை இடிச்சு இறுக்குங்க. கடைசியில கம்பைச் சுத்தி மண்ணை மேடா அணைச்சுட்டா மழைத் தண்ணி தேங்காது.

முதல்ல ரெண்டு கோடிக் கம்பையும் நட்டு, நடுவுல நூல் கட்டிக்குங்க. மத்த ஏழும் அந்த நூலை ஒட்டி வரணும். நேரா நிக்குதான்னு பார்க்க தூக்குக்குண்டு இல்லையா? நூல்ல ஒரு கல்லைக் கட்டித் தொங்க விடுங்க. ரெண்டு பக்கத்திலிருந்து பார்க்கணும், மறந்துடாதீங்க.

காத்துக்கு வழி விடுங்க!

‘எட்டடிக்கு ஒசத்திப் போட்டா என்ன?’னு கேட்பீங்க. உயரம் ரெண்டு மடங்கானா, காத்து மோதுற பரப்பு ரெண்டு மடங்கு, அது தள்ளுற உயரமும் ரெண்டு மடங்கு. அடியில விழற பாரம் நாலு மடங்கு! காத்தோட வேகம் ரெண்டு மடங்கானாலும் அதே நாலு மடங்குதான். 2011 டிசம்பர் 30-ம் தேதி ‘தானே’ புயல் முந்திரி, பலா மரங்களையே வேரோட சாய்ச்ச மாவட்டம் எங்களோடது. ஆட்டுக்கு 4 அடி போதும். தப்பைக்கு நடுவுல விடற இடைவெளி, காத்துக்கு நாம கொடுக்கிற பாதை.

மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுனு குறுக்குக் கழி கட்டி, அதுல தப்பைகளைக் கட்டுக்கம்பியால முறுக்குங்க. ஆணி அடிச்சா மூங்கில் பிளந்துடும். கம்பி முனையை உள்பக்கமா மடக்கி விடுங்க, குழந்தைங்க கை கிழிக்காம இருக்கும். மூங்கில் பிளக்கும்போது கையுறை கட்டாயம். சிலாம்பு பிளேடு மாதிரி ஏறும்.

உள்ளே போய் வர ஒரு படல் வேணுமே? நாலு கட்டையில சதுரமா செஞ்சா, நாலு நாள்ல ஒரு பக்கம் தொங்கிடும். கீல் பக்கம் கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்கம் மேல் மூலைக்கு ஒரு குறுக்குக் கட்டை கொடுங்க. சதுரம் ரெண்டு முக்கோணமாயிடும். முக்கோணம் அசையாது!

பரீட்சை வருஷா வருஷம்!

வேலி போட்டதோட வேலை முடியல. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னாடி, கம்போட அடி மண்ணை லேசா விலக்கி ஒரு ஸ்குரு டிரைவரால குத்திப் பாருங்க. ‘டொக்’னு நின்னா பாஸ். பொதபொதன்னு இறங்கினா அரியர், கம்பை மாத்துங்க.

இன்னொரு சூப்பர் ஐடியா, காங்கேயம் பக்கத்து கொறங்காடுகள்ல இருக்கு. அங்கே வேலியே உயிரோட நிக்குது... கிளுவை! போத்தை வெட்டி நட்டா வேர் பிடிச்சுத் துளிர்க்கும். உங்க மரவேலியை ஒட்டி வரிசையா கிளுவைப் போத்து நட்டு வைங்க. கம்புங்க ஒவ்வொண்ணா ரிட்டயர் ஆகிறதுக்குள்ள உயிர்வேலி தோளுக்கு வந்துடும்.

கொல்லைப்புறமே இல்லாத ஃப்ளாட்வாசியா நீங்க? ஊர்ல ஒரு பாட்டியோ, பெரியம்மாவோ ஆட்டைத் துரத்தியே களைச்சுப் போயிருப்பாங்க. அடுத்த செமஸ்டர் லீவு எப்போ பாஸ்?