500 ரூபாய் இழைப்புளி

ஐப்பசி மழை வந்தால் எங்கள் வீட்டு வாசல்கதவு ஊதிக்கொள்ளும். 'நாமே இழைச்சுட்டா கூலி மிச்சமாச்சே!' என்று 500 ரூபாய்க்கு ஒரு இரும்பு இழைப்புளி வாங்கினேன். தள்ளினேன். சுருள் வரவில்லை, கதவு பிய்ந்து வந்தது. வீட்டுக்காரி பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் மராமத்து பார்க்கும் ஆசாரி ஒருவரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, ஏமாந்துட்டேன்..."

"புதுசுன்னா கூரா இருக்கும்னு யாரு தம்பி சொன்னா?"

ஆபீஸில் பிளேடு போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். இது நிஜ பிளேடு, ஆனால் மழுங்கல்! லியோனார்ட் பெய்லி என்ற அமெரிக்கரின் அமைப்பு, 1869-ல் ஸ்டான்லி கம்பெனி உரிமை வாங்கியது. மலிவு இழைப்புளியிலும் அதேதான். தீட்டும் வேலையை மட்டும் நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

அண்ணாச்சி கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, பிளேடின் பின்பக்கத்தை முதலில் மட்டமாகத் தேய்த்தார். அது மின்னாமல் முன்பக்கத்தை எத்தனை தீட்டினாலும் வீண். பிறகுதான் சரிவைத் தீட்டினார். பிளேடு மேலே உட்காரும் தகட்டை நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் வைத்து முடுக்கினார். சுருளை உடனே மடக்கி, மரம் பிய்யாமல் காப்பது அதுதான்.

"வாங்கும்போதே அடியில ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துல பாரு. நடுவுல ரொம்ப வெளிச்சம் தெரிஞ்சா வேற எடு."

கதவு இப்போது சத்தமில்லாமல் சாத்துகிறது. இழைப்புளிக்குத் தையல் மெஷின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எங்க ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் அவ்வளவு பிரியம்!