வாடகைக் கம்ப்யூட்டரின் கடிகாரமும் மீட்டரும்

பில் போடும் புரோகிராமைத் தம் கடைக்கென்றே தனியாக எழுதி வாங்கும் வழக்கம் நம் உறுப்பினர்களிடையேயும் வந்துவிட்டது. எழுதித் தரும் தம்பிகளில் பலர் சொந்தக் கம்ப்யூட்டரில் எழுதுவதில்லை. இன்டர்நெட் வழியே கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து எழுதுகிறார்கள். ஒரே குடோனைத் தடுத்துப் பத்து வியாபாரிகளுக்கு விடுவது போல, ஒரு பெரிய இயந்திரத்தைப் பல கம்ப்யூட்டர்களாகத் தடுத்துக் கொடுப்பதுதான் இது. 'விர்ச்சுவல் மெஷின்' என்பார்கள்.

இதில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர்களாகவே வைத்துவிடும் அளவுகள் சில உண்டு. 'டீஃபால்ட்' என்று பெயர். ஓட்டலில் 'ஒரு டீ' என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்டே வருவது போல!

முதலில் கடிகாரம். இத்தகைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் உலகப் பொது நேரமே வைக்கப்பட்டிருக்கும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. புரோகிராம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தேதி போட்டால், அதிகாலை 5.30-க்கு முன் போடும் பில் எல்லாம் முதல் நாள் கணக்கில் ஏறும். பத்து மணிக்குக் கடை திறப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. விடியுமுன் வியாபாரம் முடிக்கும் மண்டிக்காரர் கதி என்ன? ஏப்ரல் 1 அதிகாலை 4 மணிக்குப் போட்ட பில், மார்ச் 31 இரவு 10.30 என்று பதிவாகும். அதாவது போன நிதியாண்டு! ஜி.எஸ்.டி. விதிப்படி பில் நம்பர் வரிசை நிதியாண்டுக்கு நிதியாண்டு தனி. புது வருஷத்து நம்பர், பழைய வருஷத்துத் தேதி என்று கிடந்தால் ஆடிட்டருக்கு யார் பதில் சொல்வது?

பரிகாரம் மிக எளிது. நேர மண்டலத்தை 'ஏசியா/கோல்கட்டா' என்று ஒரே வரியில் எழுதி வைக்க வேண்டும். சென்னை என்று தேட வேண்டாம். இந்தியா முழுமைக்கும் அந்த ஒரு பெயர்தான். எழுதும் கம்ப்யூட்டரில் மட்டுமின்றி, பின்னால் பில் ஓடப்போகும் கம்ப்யூட்டரிலும் இதைச் செய்யச் சொல்லுங்கள். அதிகாலையில் ஒரு பில் போட்டுப் பார்த்த பிறகே பாக்கியைக் கொடுங்கள்.

அடுத்தது வாடகை மீட்டர். தம்பிகள் அதிகம் பயன்படுத்தும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸை எடுத்துக்கொள்வோம். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 'கோர்' மணி இலவசம். இரண்டு கோர் கம்ப்யூட்டர் என்றால் 60 மணி நேரம் ஓடும். நான்கு கோர் கேட்டால் 30 மணிதான். திரையை மூடினாலும் மீட்டர் உடனே நிற்காது. வேலையின்றி அரைமணி கழிந்த பிறகே நிற்கும். இதை 5 நிமிடம் முதல் 4 மணி நேரம் வரை மாற்றிக்கொள்ளலாம். சில தம்பிகள் தொந்தரவு வேண்டாமென்று 4 மணி வைத்துவிடுவார்கள். தினமும் நிறுத்தாமல் வீட்டுக்குப் போனால், இரண்டு கோர் கம்ப்யூட்டரில் தினம் 8 கோர் மணி வீண். பதினைந்தே நாளில் இலவசம் காலி, ஒரு வரி எழுதாமலே! நம் கார்டு கொடுத்திருந்தால் மேற்கொண்டு ஓடுவது நம் காசு.

மைக்ரோசாஃப்டின் அஷ்யூரில் இன்னொரு விசித்திரம். கம்ப்யூட்டருக்கு உள்ளிருந்தே 'ஷட் டவுன்' கொடுத்தால் வாடகை நிற்காது. ஷட்டரை இறக்கினாலும் கடை நம் பெயரில்தானே இருக்கிறது! வெளியே, அவர்களுடைய பக்கத்துக்குப் போய் நிறுத்தினால்தான் இயந்திரம் திரும்ப ஒப்படைக்கப்படும். அப்போதும் டிஸ்க்குக்கான வாடகை உண்டு.

இன்னொன்று. கோட்ஸ்பேசஸில் நிறுத்தி வைத்த கம்ப்யூட்டரை 30 நாள் தொடாவிட்டால் தானாகவே அழித்துவிடும். எழுதியதை அவ்வப்போது பொதுச் சேமிப்பில் ஏற்றாமல் தம்பி ஊருக்குப் போய்விட்டால், நாம் அட்வான்ஸ் கொடுத்த வேலை அதோடு போகும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால், எழுதியது ஏற்றப்பட்டிருக்கிறதா என்று திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சேமிப்புக் கணக்கு கடையின் பெயரில் இருப்பது உத்தமம்.