சொல் இல்லாவிட்டாலும் மெட்டுக்கு ஆள் உண்டு

"பாட்டு நான் பாடவில்லையே, மெட்டை மட்டும்தானே வாசித்தேன்? அதில் என்ன உரிமைப் பிரச்சினை?" வீட்டில் ஸ்டீல் கிற்றார் வாசித்து, கைத்தொலைபேசியில் பதிந்து, யூடியூப்பில் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் மடியில் கிற்றாரைக் கிடத்தி வாசிப்பவருக்கும் கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவருக்கும் இதில் சட்டம் ஒன்றுதான்: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அந்தச் சட்டத்தில் பாடல் வரிகள் ஒரு படைப்பு, மெட்டு இன்னொரு படைப்பு. ஸ்டீல் கிற்றார்காரர் கவிஞரின் பங்கைத் தொடுவதில்லை. இசையமைப்பாளரின் பங்கை முழுதாக எடுத்துக்கொள்கிறார். அதுவும் இது குரலின் வளைவு நெளிவை அச்சொட்டாகத் தொடரும் வாத்தியம். நன்றாக வாசிக்க வாசிக்க மூல மெட்டு இன்னும் துலக்கமாகத் தெரியும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுக்கு என்ற இளைஞர் பிரபலமாக்கிய வாசிப்பு இது. தந்தியை விரலால் அழுத்தாமல், அதன்மேல் இரும்புக் கட்டையை வழுக்கி ஓடவிடும் முறை. நமது கோட்டுவாத்தியமும் அப்படித்தான் என்பதால் தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. ஹவாயிலிருந்து வந்த டாவ் மோ போன்றவர்கள் வழியாகக் கல்கத்தாவில் வேரூன்றி, வான் ஷிப்லி, சுனில் கங்குலி முதலியோரின் கையில் இந்திப் படப் பாடல்களை வாய்ப்பாட்டில்லாமல் இசைக்கும் தனி வகையாகவே வளர்ந்தது. இன்று வீட்டில் வாசிப்பவர்கள் தொடர்வதும் அதே வழிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஷிப்லி, கங்குலி போன்றோரின் இசைத்தட்டுகளை வெளியிட்டது கிராமபோன் கம்பனி. உரிமைக் கணக்கு வாசித்தவரின் தலையில் விழவில்லை. இன்று பதிபவரும் வெளியிடுபவரும் பதில் சொல்லவேண்டியவரும் ஒரே ஆள்.

பயப்படத் தேவையில்லாத இடம் எது என்பதை முதலில் சொல்லிவிடலாம். வெளியான ஒரு படைப்பைத் தனிப்பட்ட தேவைக்காக ஒருவர் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. குடும்பத்தார், நெருங்கிய பழக்கத்தவர் முன்னால் வாசிப்பது பொது நிகழ்த்துகை ஆகாது. ஆகவே பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாசிப்பதற்கும், சுருதி எங்கே விலகுகிறது என்று பதிந்து கேட்பதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்தப் பதிவை பேஸ்புக்கில் எல்லோருக்கும் திறந்து விடும்போதும், கலியாண வீட்டுக்காரருக்கு விற்கும்போதும் கணக்கு மாறுகிறது.

அடுத்த கேள்வி, யாருடைய மெட்டு என்பது. இலங்கையில் பதிப்புரிமை படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளை எவரும் எப்படியும் வாசிக்கலாம், விற்கலாம். காரைதீவில் பிறந்து 1947இல் மறைந்த சுவாமி விபுலானந்தரின் எழுத்துகளுக்கான காலம் 2017ஆம் ஆண்டு முடிவோடு தீர்ந்துவிட்டது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். இந்தியாவின் 60 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் சரி, நமது 70 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் சரி, அவர் பாடல்களின் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. கச்சேரிகளில் எந்நேரமும் கேட்பதால் பலர் அவரையும் தியாகராஜர் காலத்து ஆளாகவே எண்ணிவிடுகிறார்கள்.

பாரதியார் இன்னொரு பொறி. ஏவி.எம். நிறுவனத்திடம் இருந்த அவரது பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை 1949இல் சென்னை அரசின் கைக்கு வந்ததும், பின்னர் அவரது எழுத்து மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டதும் பலர் அறிந்த வரலாறு. ஆனால் பொதுவானது பாரதியின் சொல். அந்தச் சொல்லுக்குப் பிறகாலத்தில் ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்ட மெட்டு அவருடைய தனிப் படைப்பு. சொல்லை விட்டுவிட்டு மெட்டை மட்டும் எடுக்கும் நமக்கு, பாரதியின் பெயர் கவசமாகாது.

இந்தியப் படப் பாடல்களுக்கு இலங்கையில் பாதுகாப்பில்லை என்ற நம்பிக்கையும் பிழை. இரு நாடுகளும் பேர்ண் உடன்படிக்கையில் உள்ளவை. உரிமை கோருபவர்கள் சும்மாவும் இருப்பதில்லை: 2017இல் அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு, அனுமதியின்றித் தன் பாடல்களைப் பாடக்கூடாதென இளையராஜாவின் தரப்பு அறிவித்தல் அனுப்பியது. அந்தப் பாடல்களில் பலவற்றை முதன்முதல் பாடியவரே அவர்தான். அதோடு, ஒரு பழைய படப் பாட்டின் உரிமை இசையமைப்பாளரிடம் இருக்கிறதா, தயாரிப்பாளரிடமா, இசைக் கம்பனியிடமா என்பதே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காக ஓடியிருக்கிறது. எனவே அனுமதி கேட்கப் புறப்படுமுன், யாரிடம் கேட்பது என்பதை அறிந்துகொள்வதே பாதி வேலை. ஈழத்துப் பொப்பிசைப் பாடல்கள், மெல்லிசைப் பாடல்கள் என்றால் இது எளிது. பாடல் ஆக்கியவரையோ குடும்பத்தாரையோ ஊர் வழியாகத் தேடிப் பிடிக்கலாம். ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். சட்டப்படி அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும், இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். "போடு தம்பி, பரவாயில்லை" என்று தொலைபேசியில் சொன்னது நல்ல மனது, ஆவணம் ஆகாது.

பின்னணிக்குப் போடும் கரோக்கே ட்ராக்தான் பலரைச் சிக்கவைப்பது. மெட்டுக்கு மேலே அது இன்னோர் உரிமை: ஒலிப்பதிவைத் தயாரித்தவருடையது. இறக்கிய ட்ராக்கின் மேல் வாசித்தால் இரண்டு பேருக்குப் பதில் சொல்லவேண்டி வரும். தம்புரா சுருதியோ, நீங்களே வாசித்துப் பதிந்த ரிதம் கிற்றாரோ பின்னால் ஓடினால் அந்த இரண்டில் ஒன்று குறையும். வீடியோவின் கீழே "இந்தப் பாட்டின் உரிமை எனக்கில்லை" என்று எழுதுவதால் எதுவும் குறையாது. அது உங்கள் வாயாலேயே கொடுக்கும் ஒப்புதல்.

யூடியூப்பில் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிப் பொறி உங்கள் வாசிப்பைப் பிடித்தால் வருவது உரிமைக் கோரல். பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், வீடியோ அப்படியே இருக்கும். அதைக் கண்டு கலங்கிச் சனலையே அழித்தவர்களும் உண்டு, தேவையில்லை. உரிமையாளர் நேரடியாக முறைப்பாடு செய்து வீடியோவை இறக்கினால் வருவது ஸ்ட்ரைக். 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சனல் போய்விடும். எதிர்மாறாக, நீங்களே வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை யாரோ ஒரு கம்பனியின் பதிவென்று பொறி பிழையாக அடையாளம் காண்பதும் நடக்கிறது. அப்போது, இயற்றியவர் பெயர், அவர் மறைந்த ஆண்டு, வாசிப்பு உங்களுடையது என்ற மூன்றையும் எழுதி மறுப்புத் தெரிவியுங்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால் கோரல் விழுந்துவிடும். உண்மையில் உரிமையுள்ள பாட்டுக்கு இதே மறுப்பைப் போடுவது, இல்லாத வம்பை விலைக்கு வாங்குவது.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருப்பவர்கள் தனியே அறியவேண்டியது நாட்டார் இசை பற்றிய பிரிவு. வைகாசிக் குளிர்த்தி, வசந்தன், வடமோடி, தென்மோடிக் கூத்துகள், தாலாட்டு, வயல் கவி என்று ஸ்டீல் கிற்றாருக்கென்றே செய்ததுபோல் இழையும் மெட்டுகள் இங்கே கொட்டிக் கிடக்கின்றன. ஆளில்லாச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது: வணிக நோக்கத்துக்காகவோ, வழக்கமான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பதிந்து பரப்புவதற்கு உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். எந்தச் சமூகத்தில், எந்த ஊரில் இருந்து எடுத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தியில் கேட்ட மெட்டை வாசித்தால், "பழைய நாட்டுப்புற ட்யூன்" என்று பொத்தாம் பொதுவாகப் போடாமல் ஊரையும் கோயிலையும் எழுதுங்கள். களுவாஞ்சிக்குடியிலுள்ள பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவில் விசாரித்தால், அனுமதிக்கு யாரிடம் எழுதுவது என்று தெரியவரும். மெட்டைப் பிடிப்பதற்காக ஒரு அண்ணாவியாரையோ ஆச்சியையோ பாடவைத்துப் பதிந்தால், அந்தப் பாட்டு நிகழ்த்துநர் என்ற வகையில் அவர்களுடையது. அதை உங்கள் வீடியோவின் தொடக்கத்தில் ஒட்டப்போகிறீர்கள் என்றால் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

பாடும் மீனைப் பற்றியும் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. மட்டக்களப்பு வாவியில் நீருக்கடி ஒலிவாங்கி இறக்கி மீன்பாட்டைப் பதிந்தால் உரிமை யாருக்கு? மீனுக்கில்லை, பதிந்தவருக்கு. ஒலிப்பதிவு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் வேறு ஒலிகளும் அடங்கும்.

இனி உங்கள் பக்கம். மெட்டு பிறருடையதானாலும் வாசிப்பு உங்களுடையது. நிகழ்த்துநர் என்ற முறையில் 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. பதிவும் உங்கள் செலவில் செய்ததானால் ஒலிப்பதிவு உரிமையும் உங்களுக்கே. பதிவு செய்துகொள்ள எந்த அலுவலகத்துக்கும் போகத் தேவையில்லை, உரிமை தானாகவே பிறக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. உங்கள் வாசிப்பை ஒளி-ஒலிப் பதிவில் சேர்க்க ஒரு தடவை சம்மதித்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த நிகழ்த்துநர் உரிமை பொருந்தாது. உள்ளூர்த் தொலைக்காட்சியோ கலியாண வீடியோக்காரரோ கமராவைத் தூக்குமுன், பணம் எவ்வளவு, பெயர் எங்கே வரும், பாட்டைத் தனியே வெட்டி விற்கலாமா என்பதை அரைப்பக்கத் தாளிலாவது எழுதிக்கொள்ளுங்கள். கமரா ஓடிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் மிஞ்சியிராது.

சட்டத்துக்கு அப்பால், வீட்டில் பதிபவர்களுக்கு இந்த வாத்தியத்துக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு: மின்சாரம். இடது கையில் திண்ணிய இரும்பு, வலது விரல்களில் உலோகப் பிக், நடுவில் கேபிள் வழியாக அம்ப்ளிபயரின் எர்த்தோடு இணைந்த தந்தி. எர்த் இல்லாத பழைய வீட்டு வயரிங்கில் அம்ப்ளிபயர் பழுதாகிக் கசிந்தால் 230 வோல்ட்டு இரு கைகளுக்கும் வரும். இரைச்சல் குறையட்டும் என்று பிளக்கின் எர்த் வயரை வெட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. உயிரோடு விளையாடுவது அது. ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு உட்காராதீர்கள். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய அம்ப் 110 வோல்ட்டா என்று பின்பக்கத்தை வாசியுங்கள். வால்வு அம்ப்பைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும்.

அக்கம்பக்கத்தையும் நினைக்கவேண்டும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அனுமதி கொடுக்கக்கூடாதென்று, வெலிகமயிலிருந்து வந்த வழக்கில் இலங்கையின் உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லிவிட்டது. இராப் பதிவுக்கு ஹெட்போன் போதும்.

மறுபடி உரிமைக்கு வருவோம். உங்கள் பதிவை வேறொருவர் எடுத்துத் தன் பெயரில் போட்டால், முதலில் அவர் பக்கத்தைத் திகதியும் இணைப்பும் தெரிய ஸ்கிரீன்சொட் எடுங்கள். முறைப்பாடு செய்தவுடன் ஆதாரம் மறைந்துவிடக்கூடும். பிறகு அந்தத் தளத்தின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம். பெரும்பாலான சச்சரவுகள் அதிலேயே தீரும். தீராவிட்டால், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்துக்கு உரிய படிவத்தில் விண்ணப்பித்து விசாரணை கேட்கலாம். நீதிமன்றத்தைவிடச் செலவு குறைந்த இந்த வழியைப் பலர் அறியார். நட்டஈடும் தடையுத்தரவும் வேண்டுமானால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். தெரிந்தே மீறுவது குற்றமும் ஆகும்: நீதிவான் முன் நிரூபணமானால் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதே தண்டனை, அனுமதியில்லாமல் பிறர் மெட்டைத் தெரிந்தே விற்கும் நமக்கும் பொருந்தும்.

சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்களுக்கு மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. போகும்போது வெட்டாத மூலப் பதிவுக் கோப்பு, அதைப் பதிந்த தொலைபேசி அல்லது கணினி, ஸ்கிரீன்சொட்டுகளின் அச்சுப் பிரதி, எழுதி வாங்கிய அனுமதிக் கடிதம், வருமானச் சான்று ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்திருந்தால், அந்த வாசிப்பு உங்களுடையதுதான் என்று நிறுவுவது கடினமாகும்.